கழிமுகத்துச் சேறு

புயல் எச்சரிக்கை இருந்தும் இயக்குநர் விரட்டியதால்தான் அண்ணன் ஆய்வகப் படகில் கழிமுகத்துக்குச் சேறு எடுக்கப் போனார். படகும் ஆளும் கரை சேரவில்லை. "அவனாத்தான் போனான்" என்று இயக்குநர் கைகழுவிவிட்டார்.

அதன்பின் தினமும் காலையில், அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தங்கையின் மேசையில் ஈரம் சொட்ட ஒரு ஜாடி இருந்தது. உள்ளே புதுச் சேறு. புழுக்கள் உயிரோடு நெளிந்தன. மூடிமேல் அண்ணன் போடும் இரட்டை முடிச்சு.

இன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜாடியைக் கொண்டுபோய் இயக்குநரின் மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"நீங்க கேட்ட சேறு சார். இன்னும் எடுத்துட்டுதான் இருக்கார்."

முடிச்சைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. "போதும்னு சொல்லும்மா அவன்கிட்ட!"

"அனுப்பினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கதவுக்கு வெளியே, யாரோ மிதியடியில் பூட்ஸ் கால்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.