நிப்பிள் கீழே இருந்தது

“நான் சொல்றதுக்கு முன்னாடியே காலை எடுத்துட்ட. அதான் காத்து திரும்ப உள்ள போகுது.”

“எடுக்கல. எத்தனை தடவை சொல்றது?”

தெருவுக்கே கேட்டது, எனக்குக் கேட்காதா? எதிர்வீட்டு நெல்சன் பழைய காருக்கடியில் படுத்துப் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கிறான். அவனுக்கு நிச்சயித்த ஹெப்சிபா உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கிறாள். காற்று வெளியேறும் திருகான நிப்பிளை அவன் இறுக்கும்வரை காலை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. ஆயில் டப்பா டப்பாவாகத் தீர்ந்தும் பெடல் பஞ்சாகவே இருந்தது.

“பெடல் பொய் சொல்லாது,” என்றான்.

“அப்போ நான்தான் பொய் சொல்றேன்,” என்று இறங்கிப் போனவள்தான். நான் ஜன்னலை முழுசாகத் திறப்பதற்குள் மோதிரம் பானெட்டின் மேல் இருந்தது.

பிறகொரு நாள் சக்கரத்தைக் கழற்றியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சும்மா போவதுபோல் போய் எட்டிப் பார்த்தேன்.

“இடது பக்க பிரேக் காலிப்பரை வலது பக்கம் மாட்டியிருக்கேன்க்கா. நிப்பிள் கீழ வந்துட்டு. காத்து மேலயே நிக்கும், யாரு மிதிச்சாலும் வராது. அவ காலை எடுக்கவே இல்ல.”

“அதைப் போய் அவகிட்ட சொல்லு.”

சட்டை மாற்றிக்கொண்டு தெருமுனைவரை போனான். திரும்பி வந்து காரைத் துடைத்தான்.

சரியாக மாற்றி மாட்டிய அன்று பெடலை நான்தான் மிதித்தேன். காலை எடுக்காதீங்க என்று அவன் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. கார் இப்போது மிதித்த இடத்தில் நிற்கிறது. ஹெப்சிபா ஒரு பேங்க்காரரைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள்.