பதினேழாம் பக்கம்

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரலாறு, பாய். அருமையான புத்தகம், எடுத்துட்டுப் போங்க," என்றார் நூலகர் ஷெரின்.

காதர் மைதீன் பதினேழாம் பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம்மா," என்றார்.

ஷெரினுக்கு ஒன்றும் புரியவில்லை. சொந்த ஊரான ராஜபாளையத்திலேயே நூலகம் இருக்கும்போது, இவர் வாராவாரம் பஸ் ஏறி இங்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறார். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

அன்று திரும்பி வந்திருந்த புத்தகங்களை அவரே புரட்டினார். ஒன்றில் அவர் கை நின்றது.

"பாய், அது கர்ப்பிணிகளுக்கான புத்தகம். உங்களுக்கு எதுக்கு?"

"இந்தப் பென்சில் நட்சத்திரத்தப் பாரும்மா. படிச்சு முடிச்ச புத்தகத்துல எம் மவ சப்ரீன் போடுற அடையாளம். சின்னப் புள்ளையில இருந்தே இந்தப் பக்கத்துலதான் போடுவா. காதல் கல்யாணம் பண்ணி இந்த ஊர்லதான் இருக்கா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கெடையாது. அவ படிக்கதையாவது நானும் படிப்போமேன்னு வாரேன்."

ஷெரின் அந்தப் புத்தகத்தை அவர் பெயரில் பதியப் போனார்.

"புத்தகம் இருக்கட்டும்மா," என்றார் அவர். "அவ வீடு எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு."