இடதுகை முடிச்சு

பர்கூர் கல்குவாரியில் பாறை சரிந்து கால் நசுங்கிய மாதப்பனை அவன் மச்சான் முனிவேல் லாரியில் போட்டுக் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் சபீஹா நாடியைப் பிடித்தாள். துடிப்பு குறையவில்லை. தொடையில் யாரோ துணியைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கி, ரத்தத்தை நிறுத்தியிருந்தார்கள். முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருந்தது. இடதுகைக்காரியான அவள் போடும் முடிச்சு அது. படிக்கிற காலத்தில் அதற்காக அவள் வாங்கிய கேலிக்கு அளவில்லை.

“யாருய்யா கட்டினது?”

“நீங்கதானுங்களே! ‘அவுத்தீன்னா கைய ஒடிச்சிருவேன்’னு திட்ட வேற திட்டுனீங்க.”

“காலையிலேர்ந்து நான் இந்த வார்டை விட்டு நகரலை.”

“எப்படிங்கம்மா? இன்னும் ரெண்டு பேரு பாறைக்கடியில கெடக்கறாங்க. அவங்க கூடத்தான இருக்கீங்க?” சொல்லிவிட்டு முனிவேல் அவள் முகத்தையே பார்த்தான். “துணி தீந்துபோச்சு, வாங்கியான்னு நீங்கதான் அனுப்புனீங்க.”

சபீஹாவுக்குப் பயம் வரவில்லை. தானே போய்ப் பார்த்துவிட ஆசையாக இருந்தது. ஆனால் மாதப்பனின் காலைப் பார்க்க அப்போது வார்டில் வேறு டாக்டர் இல்லை. குவாரியில் தான் இருந்தால் என்னென்ன வேண்டியிருக்கும் என்று யோசித்தாள். கட்டுத்துணி, மரச்சட்டம், வலியை அடக்கும் மார்ஃபின் ஊசி எல்லாவற்றையும் பையில் போட்டு முனிவேலிடம் கொடுத்தாள். லாரி கிளம்பும்போது ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

“அவ ஏதாச்சும் சாப்பிட்டாளா?”

“எங்கிங்கம்மா! வெச்ச களி அப்படியே காயுது.”

“சாப்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”