பாதியில் நின்ற மருந்து

“பாதியிலேயே நிறுத்திட்டாங்களாம் அத்தான்,” என்றார் மைத்துனர், இழவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தி. “உங்க மருமக நடத்துற மருந்து ஆராய்ச்சியைத்தான் சொல்றேன்.”

பெரியவர் செய்தித்தாளை மடித்து, மடிப்பின் ஓரத்தை நகத்தால் நீவினார். “யார் சொன்னது?”

“பிரஷர் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்சுங்க பேசிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் நடக்க வேண்டியதாம், ஒரு வருஷம்கூட ஆகல. பெரிய டாக்டருங்க எல்லாம் கூடிப் பேசி மூட்டை கட்டச் சொல்லிட்டாங்களாம்.”

பெரியவருக்கு நேற்று மாலை நினைவுக்கு வந்தது. மருமகள் கண் சிவந்து வீடு திரும்பினாள். என்னம்மா என்று கேட்டதற்கு, “நாளைக்குச் சொல்றேன் மாமா, முதல்ல நோயாளிங்ககிட்ட சொல்லணும்,” என்று அறைக்குள் போய்விட்டாள். இப்போதல்லவா புரிகிறது.

ஆஸ்துமாவுக்குப் புது மாத்திரை. பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. இதைப் பெரியவர் தெருவில் ஒருவர் விடாமல், தாமே கண்டுபிடித்ததுபோல் விளக்கியிருந்தார்.

“அப்பவே சொன்னேன், கொஞ்சம் அடக்கி வாசிங்கன்னு,” என்றார் மைத்துனர்.

பெரியவர் எழுந்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“மன்னிப்புக் கேட்க. அந்த மாத்திரையைச் சாப்பிட்டவங்ககிட்ட.”

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. வீட்டில் ஒருவர் தவறு செய்தால், பாதிக்கப்பட்டவர் படியேறி வருமுன் வீட்டுத் தலைவர் அவர் வீட்டுப் படியில் நிற்க வேண்டும். மகன் பள்ளியில் படித்த காலத்தில் பந்தடித்து அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்தபோது, கண்ணாடிச் சத்தம் அடங்குவதற்குள் பெரியவர் அங்கே நின்றார். உடைத்தது வேறொரு பையன் என்று பிறகு தெரிய வந்தது. ஆனாலும், கேட்ட மன்னிப்பை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

“அவ செஞ்சதுக்கு நீங்க ஏன் தலை குனியணும்? என்ன இருந்தாலும் வந்த பொண்ணு.”

“வந்த பொண்ணு இல்லடா. வீட்டுப் பொண்ணு,” என்று செருப்பை மாட்டினார் பெரியவர்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாம் மாடிக்குப் படியேறிய பெரியவர், பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். சீருடை அணிந்த பஸ் டிரைவர் ஒருவர் சீட்டியடித்தபடி இரண்டிரண்டு படியாகத் தாவி அவரைக் கடந்தார்.

“மெதுவா வாங்க ஐயா. மாடி எங்கயும் ஓடிப் போயிடாது.”

நோயாளிகள் இருக்கும் இடத்தில் சீட்டியா என்று பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

மேலே காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. அந்த டிரைவரும் ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் நடுவில் போய் நின்றார். எந்த மேலதிகாரி முன்னாலும் வளையாத முதுகு அன்று வளைந்தது.

“இந்த ஆராய்ச்சி நடத்துற டாக்டரம்மா எங்க வீட்டு மருமக. பாதியில நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன். நம்பி வந்த உங்க எல்லார்கிட்டயும் எங்க குடும்பத்தோட சார்புல மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நின்னு போச்சா? ஐயா, எனக்கு அந்த மாத்திரையில...” என்று டிரைவர் ஆரம்பித்தார்.

“நீங்க பேசாதீங்க தம்பி. மூச்சு வாங்கும்.”

“இல்லீங்க, எனக்கு இப்ப மூச்சு...”

“தெரியும். அதுக்குத்தான் வந்திருக்கேன். சும்மா உக்காருங்க.”

ஜன்னலோரம் இருந்த ஒரு தையல்காரம்மா இரைப்புக்கு நடுவே, “உங்க மருமக தங்கமானவங்கய்யா,” என்றாள்.

“தங்கம்தான். இல்லேங்கல. ஆனாலும் தப்பு தப்புதானே? திட்டணும்னு தோணிச்சுன்னா என்னைத் திட்டுங்க, கேட்டுக்கறேன். அவளை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. நேத்து பாவம், அழுதுட்டு வந்திருக்கா.”

எல்லோரும் தன் முதுகுக்குப் பின்னால் பார்ப்பதைக் கவனித்துப் பெரியவர் திரும்பினார். வாசலில் மருமகள் நின்றிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாளோ, கண் நிறைந்திருந்தது.

“வந்துட்டியாம்மா. பயப்படாதே, பாதி வேலையை நான் முடிச்சிட்டேன். இவங்க நல்ல மனுஷங்க, ஒருத்தரும் கோவிச்சுக்கல.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் கை நடுங்கியது. தாங்க முடியாத துக்கம் என்று எண்ணி, பெரியவர் அதைத் தட்டிக்கொடுத்தார். சிரிப்பை அடக்கும்போதும் கை நடுங்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

“தலை நிமிர்ந்து சொல்லும்மா. ஏன் நிறுத்தினாங்க? என்ன கெடுதல் ஆச்சு?”

“மருந்து ரொம்ப நல்லாக் கேக்குது மாமா, இனிமே ஒருத்தருக்குக்கூட மாவு மாத்திரை குடுக்கக் கூடாதுன்னுதான் நிறுத்தச் சொல்லிட்டாங்க.”