கிளப்புக்குக் கேட்ட ஆள்

"சார், உங்க வீட்டுல இருந்து ஒரு ஆளை எங்க கிளப்புக்குக் கேட்டு வந்திருக்கேன்."

வந்தவர் பெயர் பெர்சி. நாகர்கோவில்காரர், கொச்சியில் ஒரு கால்பந்து கிளப்பின் மேலாளர். அந்த கிளப் இந்த ஆண்டுதான் கீழ் லீக்கில் ஜெயித்து, நாட்டின் முதல் லீக்குக்கு ஏறியிருந்தது. அதன் பெயர் எழுதிய கார் கோவிந்தாபுரத்தில் வந்து நின்றதும், எதிர்வீட்டு மாரப்பனும் இன்னும் நான்கு பேரும் வேலி ஓரத்தில் கூடிவிட்டார்கள்.

மோகனசுந்தரம் அப்போதுதான் தென்னந்தோப்பிலிருந்து திரும்பியிருந்தார். மகன் பிரதீப்பைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வயது. கொல்லங்கோடு, சித்தூர் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் எங்கே பந்தாட்டம் நடந்தாலும் ஓடிவிடுவான். இப்போது கதவருகே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

'கள்ளப் பயல், ஒரு வார்த்தை சொல்லலையே!' என்று நினைத்துக்கொண்டார்.

"போன்ல முன்னாடியே பேசினோம் சார். வீட்டுல கேக்கணும்னு பதில் வந்துச்சு. அதான் நேர்லயே வந்துட்டேன்."

"கேக்கோணுமல்லங்க? பின்ன நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன்?"

"அப்பா, நான் ஒண்ணு சொல்றனுங்க..." என்று பிரதீப் ஆரம்பித்தான்.

"பெரியவங்க பேசறப்ப நீ சும்மா இரு."

மனைவி வனிதா காப்பி கொண்டுவந்தாள். பெர்சி பாதி எழுந்து வாங்கிக்கொண்டார். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சமையலறைக்குத் திரும்பினாள்.

"ஏனுங்க, எங்கூட்டுல அப்பிடி என்னத்தக் கண்டீங்க?"

"எங்க கோச் ஸ்பெயின்காரர் சார். யாரையும் லேசுல புகழ மாட்டாரு. ஜூலையில இந்தப் பக்கம் மூணு ஊர்ல மேட்ச் பார்த்தாரு. நல்ல மழை. மத்த ரெண்டு ஊர்லயும் பசங்க சேத்துல உருண்டாங்க. இங்க மட்டும் பந்து மேசை மேல போற மாதிரிப் போச்சு. மறுநாளும் தனியா வந்து பார்த்துட்டு, இந்த ஆளு எனக்கு வேணும்னு சொல்லிட்டாரு."

மோகனசுந்தரத்துக்கு நெஞ்சு விரிந்தது. ஆனாலும் உடனே சரி என்றால் மரியாதை இருக்காது.

"இந்தப் பந்தாட்டத்தால ஊட்டு வேலை ஒண்ணும் ஆகறதில்லீங்க. இவன் ஆடறான்னு இவங்கம்மாளும் பன்னெண்டு வருசமா விடிஞ்சதும் கிரவுண்டுக்கு ஓடீர்றா. நம்ம மோட்டார்த் தண்ணியில பாதி அங்கதான் போவுது!"

"தெரியும் சார்," என்றார் பெர்சி மரியாதையாக.

"செரி, தங்கறதுக்கு எப்பிடிங்க?"

"பக்கத்துலயே வீடு தர்றோம். ரெண்டு வருஷ ஒப்பந்தம். மாசம் ரெண்டு வாட்டி ஊருக்கு வந்துட்டுப் போகலாம். ஆனா ஒண்ணு, வெயிலு மழைன்னு பார்க்க முடியாது."

"வெயிலு எங்களுக்குப் புதுசுங்களா? சாப்பாடுதான் ரோசனையா இருக்குது. சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுங்க."

பெர்சி கையிலிருந்த காப்பித் தம்ளரை ஒருமுறை பார்த்தார். "அப்படியா சார்? பரவால்ல, கேன்டீன் இருக்கு."

மோகனசுந்தரம் மோவாயைத் தடவினார். "மாடு கன்னு, தோட்டம், ஊடு... எல்லாம் ஆரு பாக்கறது? ஒரு ஆளு கொறஞ்சாலும் கஷ்டமுங்க."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. பிரதீப்பின் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

பெர்சி பையை மூடினார். "கட்டாயம் ஒண்ணும் இல்ல சார். வேண்டாம்னா கிளம்பிடறேன். படிச்சுட்டு வந்தவங்க எங்களுக்கு நிறையப் பேர் கிடைப்பாங்க. இந்தக் கைவாகு கிடைக்காது. அதுதான் வருத்தம்."

கால்வாகு என்று சொல்லாமல் கைவாகு என்கிறாரே என்று மோகனசுந்தரத்துக்குத் தோன்றியது. நாகர்கோவில் பக்கம் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

"அட, அனுப்பி வெய்யி மாப்ள!" என்று வேலி ஓரத்திலிருந்து மாரப்பன் குரல் கொடுத்தார். "மொத லீக்குன்னாச் சும்மாவா? நாடே டி.வி.யில பாக்குமல்ல!"

மோகனசுந்தரம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேலிவரை கேட்கும்படி சொன்னார்:

"தெறமை இருக்கறவங்கள ஊட்டுக்குள்ள பூட்டி வெக்கற ஆளு நானில்லீங்க. மாடு, தோட்டம், ஊட்டு வேலை அத்தனையும் நானே பாத்துக்கறேன். இத்தன பேரு முன்னால சொல்றேன், எனக்குப் பூரண சம்மதம். கையெழுத்தைப் போடச் சொல்லுங்க!"

வேலி ஓரத்தில் கைதட்டினார்கள். பெர்சி முகம் மலர்ந்து காகிதங்களை மேசைமேல் விரித்தார். பிரதீப் பேனாவை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாகச் சமையலறைக்குள் போனான். திரும்பி வரும்போது அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"இங்க போடுங்கக்கா," என்று பெர்சி நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். "'வனிதா, தலைமை மைதானப் பராமரிப்பாளர்'னு இருக்கு பாருங்க, அதுக்குக் கீழ. நீங்க புல்லு நட்டு, வாய்க்கால் வெட்டின இந்த ஊர் மைதானம் மாதிரியே எங்க மைதானமும் மழையைக் குடிக்கணும்னு கோச் சொல்லிவிட்டாரு."

வனிதா பேனாவைப் பிடித்தபடி கணவரையே பார்த்தாள். மோகனசுந்தரம் வேலி ஓரத்தை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "போடு புள்ள," என்று சொல்லி, ஆடிக்கொண்டிருந்த மேசையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.