அமாவாசை வண்டியின் தேதி

குரு டீ குடிக்கக் கீழே இறங்கியதும் கவிதா அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

லேப்டாப் திறந்தே இருந்தது. திரையில் அது காத்திருந்தது.

செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் 'அது' என்றால் குருவுக்கு புரோகிராம் எழுதித் தரும் ஏஐ.

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் போகிற வேன்களில் சீட் புக் செய்யும் ஆப் அவர்களுடையது. முதல் வரியிலிருந்து அதை எழுதியவள் கவிதா. எதை ஏன் அப்படி வைத்தோம் என்பதெல்லாம் அவள் தலையில்தான் இருந்தது.

முன்பெல்லாம் அதற்கு ஞாபகமே கிடையாது. சாயங்காலம் சொன்னது காலையில் இருக்காது. குரு தலையைச் சொறிந்துகொண்டு அவள் மேசைக்கு வருவான். சலித்துக்கொண்டேதான் சொல்லித் தருவாள். அப்படிச் சலித்துக்கொள்வது அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போன மாதம் அதற்கு ஞாபகசக்தி கொடுத்தார்கள். இப்போது ஒரு தடவை சொன்னால் போதும், மறப்பதே இல்லை. அதிலிருந்து குரு அவள் மேசைப் பக்கம் வருவதில்லை. திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொள்கிறான்.

முதலாளி வீரமணிகூட நேற்று அவள் காதுபடவே, "எதுனா டவுட்டுன்னா அத்த கேளுப்பா, அதுக்கு எல்லாம் தெரியுது" என்றார்.

கவிதாவுக்கு வயிறு எரிந்தது. அவள் சொல்லி குரு கற்றான். குரு சொல்லி அது கற்றது. பெயர் மட்டும் அதற்கு.

ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால் போதும்.

அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு நடுராத்திரிக்கு மேல் திரும்பும் வண்டிக்கும் அமாவாசைத் தேதியைத்தான் போட வேண்டும். ஜனங்களுக்கு வீடு வந்து படுத்து எழுந்தால்தான் மறுநாள். காலண்டர்படி மறுநாள் தேதியைப் போட்டாலும், அவர்கள் அமாவாசைத் தேதியைத்தான் தட்டுவார்கள். சீட்டோ முந்தின ராத்திரியே போய்விட்ட வண்டியில் இருக்கும். ஆப் தொடங்கிய முதல் அமாவாசையில் அப்படித்தான் ஒரு வேன் கூட்டம் குழந்தை குட்டிகளோடு ரோட்டில் நின்றது. அதைச் சரிசெய்தவள் அவள்.

இந்த அமாவாசைக்கும் நிற்கட்டும். எல்லோரும் மறுபடி அவள் மேசைக்கு ஓடி வரட்டும்.

'நடுராத்திரிக்கு மேல் கிளம்பும் வண்டிக்கு இனிமேல் காலண்டர் தேதி. இதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று தட்டினாள்.

பதில் உடனே வந்தது.

'குரு, நீங்கள் முன்பு சொன்னதற்கு இது நேர்மாறாக இருக்கிறது. "இது கவிதா அக்கா போட்டது. அவங்கள கேக்காம மாத்தாத, நானே சொன்னாலும் மாத்தாத" என்று சொல்லியிருக்கிறீர்கள். கவிதா அக்காவைக் கேட்டுவிட்டீர்களா?'

கவிதா அதை இரண்டு முறை படித்தாள்.

அவள் முகத்துக்கு நேரே இப்படி ஒரு வார்த்தை அவன் சொன்னதே இல்லை. இதைக்கூட அதனிடம்தான் சொல்லியிருக்கிறான்.

மாடிப்படியில் குருவின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவள் அவசரமாகத் தட்டினாள்.

'கேட்டேன். மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.'