டீச்சருக்கும் யூனிஃபார்ம்

"யூனிஃபார்மா? எனக்கா?"

சுற்றறிக்கையைக் கையில் கசக்கிக்கொண்டே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தார் மேட்சிங் டீச்சர். அடுத்த மாதத்திலிருந்து ஆசிரியர்கள் எல்லாரும் உடைக்கு மேலே சாம்பல் நிறக் கோட் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் வர வேண்டுமாம்.

மேட்சிங் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். தோடு, செருப்பு, வாட்ச் பட்டை, மழை வந்தால் குடை வரைக்கும் அன்றைய உடைக்குப் பொருத்தமாகவே இருக்கும். அத்தனையையும் கொண்டுபோய் ஒரு கோட்டுக்குள் மூடச் சொன்னால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"உட்காருங்க டீச்சர்."

"நிக்கிறேன் சார். நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா?"

"தினமும் கேட்ல நின்னு யூனிஃபார்ம் செக் பண்றதே நீங்கதானே? இன்னைக்குக்கூட கலர் ரிப்பன் கட்டினதுக்கு மூணு பொண்ணுங்களை நிக்க வெச்சீங்களே."

"அது வேற சார். இருக்கப்பட்ட வீட்டுப் பிள்ளையும் வரும், இல்லாத வீட்டுப் பிள்ளையும் வரும். யாரும் யாரையும் பார்த்து ஏங்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. அதுக்குத்தான் யூனிஃபார்ம்."

மூச்சு விடாமல் ஒப்பித்தார். பெற்றோர் கூட்டத்தில் வருடா வருடம் பாடும் அதே பாட்டு.

"பெரியவங்க எங்களுக்குள்ள யார் சார் அப்படிச் சிரிக்கப் போறாங்க? உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்ன புண்ணியவான் யாரு?"

"அந்த மூணு பொண்ணுங்கதான்."

"பார்த்தீங்களா! ரிப்பனுக்குப் பழி வாங்குறாங்க!"

"இல்ல டீச்சர், போன வாரமே வந்து கேட்டாங்க. புதுசா வந்த சயின்ஸ் டீச்சர்கிட்ட ரெண்டே ரெண்டு டிரெஸ்தான். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் பச்சை. ஸ்டாஃப் ரூம்ல யாரோ அவங்களுக்கு 'சிக்னல்'னு பேர் வெச்சு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்காங்க. நோட்டு கொண்டுவந்த பொண்ணுங்க காதுல அது விழுந்திருக்கு. 'டீச்சருங்களுக்கும் யூனிஃபார்ம் குடுத்துட்டா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல சார்?'னு வந்து நின்னாங்க."

மேட்சிங் டீச்சர் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெயரை வைத்த வாயே அவருடையதுதான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பேர் வெச்சது யாருன்னு... சொன்னாங்களா சார்?"

"கேட்டேனே! சொல்லவே மாட்டோம்னுட்டாங்க" என்று சிரித்தார் தலைமையாசிரியர். "'அவங்களும் எங்க டீச்சர்தானே சார், அவங்களைப் பார்த்தும் யாரும் சிரிக்கக் கூடாது'ன்னாங்க."